டெஸ்க்டொப் செயலிக்கும் சோதனைகளுக்கும் ஒரே பாணிக் கோப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், நிறுவை பதியும் விண்டோஸ் செயலி ஒன்றை இலங்கையின் ஹட்டன் பக்கத்தில் சில ஆண்டுகளாக எழுதிப் பராமரித்து வருகிறேன். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2006ஆம் ஆண்டு டொட்நெட் 3.0 என்ற நிரலாக்கத் தளத்துடன் வெளியிட்ட டபிள்யூபிஎஃப் என்ற தொழில்நுட்பத்தில் அது எழுதப்பட்டது. அதில் நிறங்கள், எழுத்துருக்கள், பட்டன்களின் தோற்றம் ஆகியவை ஸாமல் என்ற மொழியில் அமைந்த பாணிக் கோப்புகளில் 'ரிசோர்ஸ் டிக்ஷனரி' என்ற வள அகராதியாக எழுதப்படும். ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு 'கீ', அதாவது அழைப்பதற்கான பெயர், இருக்கும். இந்த அகராதியைச் செயலியும் அதன் சோதனைகளும், அதாவது செயலி சரியாக இருக்கிறதா என்று தானாகப் பார்க்கும் நிரல்களும், எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் டொட்நெட் பழக வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பாணிக் கோப்பைச் சோதனைப் புரொஜெக்டுக்குள் கொப்பி செய்து வைத்தால் என்ன குறை?

நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் செயலியின் திரையில் மூன்று எண்கள் பெரிதாகத் தெரியும்: மொத்த நிறை, கூடைக்கும் ஈரத்துக்கும் கழிக்கப்படும் கிலோ, மிஞ்சும் நிறை. மடுவத்தில் வரிசையில் நிற்கும் பெண்களுக்கு நடுவிலுள்ள அந்தக் கழிவு எண்தான் முக்கியம். எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பது தோட்டங்களில் காலங்காலமாக வாக்குவாதத்துக்கு இடமான விஷயம். அந்த எண் வெள்ளைப் பின்னணியில் கடும் சிவப்பில் இருந்தது. வேறொரு திரைக்காகச் செயலியின் நிறக் கோப்பைத் திருத்தியபோது, அதே கீ மஞ்சளுக்கு மாறிவிட்டது. சோதனைப் புரொஜெக்டில் இருந்ததோ பழைய கொப்பி. 'கழிவு எண் தெளிவாகத் தெரிகிறதா' என்று பார்க்கும் சோதனை அந்தப் பழைய சிவப்பை வாசித்து, எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. மறுநாள் காலை மூடுபனியில், ஒரே ஒரு குழல் விளக்கின் கீழே, தராசுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, "தம்பி, நடுவுல ஒன்னுமே தெரியலையே" என்று சொன்ன பிறகே எனக்கு விளங்கியது.

சோதனை தவறாக எழுதப்படவில்லை. அது வேறொரு கோப்பைச் சோதித்துக்கொண்டிருந்தது. தொழிலாளி பார்க்கும் அதே அகராதியைச் சோதனையும் பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது.

அப்படியானால் பாணிக் கோப்புகளை எங்கே வைப்பது?

மூன்றாவதாக ஒரு புரொஜெக்ட் தொடங்குங்கள். அது தனியாக ஓடாத, டபிள்யூபிஎஃப் லைப்ரரி வகைப் புரொஜெக்டாக இருக்கட்டும். நிறங்கள், எழுத்துருக்கள், பட்டன் வார்ப்புகள் (டெம்ப்ளேட்) எல்லாம் அதற்குள் போகட்டும். செயலியும் சோதனைப் புரொஜெக்டும் அந்த லைப்ரரியை நேரடியாக ரெஃபரன்ஸ் எடுக்க வேண்டும். ஸாமல் கோப்பு ஒவ்வொன்றின் பில்ட் வகையும் 'பேஜ்' என்று இருக்க வேண்டும்; அப்போதுதான் அது பாமல் என்ற இரும வடிவுக்கு மாற்றப்பட்டு அசெம்பிளிக்குள், அதாவது பில்ட் செய்தபின் கிடைக்கும் டிஎல்எல் அல்லது இஎக்ஸ்இ கோப்புக்குள், பதியும்.

'நேரடியாக' என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லைப்ரரியைச் செயலி ஸாமலில் மட்டும் குறிப்பிட்டு, சி ஷார்ப் குறியீட்டில் அதன் எந்த வகையையும் பயன்படுத்தாமல் இருந்தால், கம்பைலர் அந்த ரெஃபரன்ஸைச் செயலியின் அசெம்பிளியில் எழுதாமல் விட்டுவிடும். பழைய டொட்நெட் ஃபிரேம்வேர்க் பாணிப் புரொஜெக்டுகளில், செயலியை மட்டும் ரெஃபரன்ஸ் எடுத்த சோதனைப் புரொஜெக்டின் கோப்புறைக்கு லைப்ரரியின் டிஎல்எல் வந்து சேராமல் போவது இதனால்தான். செயலி ஓடும், சோதனை மட்டும் 'கோப்பைக் காணவில்லை' என்று விழும்.

ஒரே கோப்பை இரண்டு புரொஜெக்டுகளிலும் 'லிங்க்' ஆகச் சேர்த்தால் போதாதா?

கொப்பியை விட அது மேல், ஏனெனில் மூலக் கோப்பு ஒன்றுதான். ஆனால் அது இரண்டு அசெம்பிளிகளுக்குள் இரண்டு முறை கம்பைல் ஆகிறது. அகராதியின் முகவரியில் அசெம்பிளியின் பெயரும் ஒரு பகுதி என்பதால், செயலியின் பெயரைச் சொல்லும் முகவரிகள் சோதனைக்குள் வேறிடத்தைத் தேடும். ஒன்றிரண்டு நிறங்கள் மட்டும் உள்ள சிறு வேலைக்குச் சரி. எழுத்துருவும் படங்களும் சேர்ந்தவுடன் சிக்கலாகிவிடும்.

'போர்ட் எண் செல்லாது' என்ற பொருளில் ஒரு பிழை வருகிறதே. நான் எங்கேயும் போர்ட் எண் எழுதவில்லையே?

சோதனை எழுதும் எல்லோரையும் முதல் நாளிலேயே திகைக்க வைக்கும் பிழை இது. காரணம் தெரிந்தால் பிறகு மறக்காது.

வள அகராதியின் முழு முகவரி 'பேக்' என்ற சொல்லுடன் தொடங்கும். அதன் பிறகு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள், 'அப்ளிகேஷன்' என்ற சொல், மீண்டும் ஒரு முக்காற்புள்ளி, மூன்று காற்புள்ளிகள், ஒரு சாய்கோடு, அசெம்பிளியின் பெயர், ஓர் அரைப்புள்ளி, 'காம்போனன்ட்' என்ற சொல், மீண்டும் ஒரு சாய்கோடு, கடைசியில் கோப்பின் பாதை. அந்த மூன்று காற்புள்ளிகளும் உண்மையில் மூன்று சாய்கோடுகள். ஒரு முகவரிக்குள் இன்னொரு முகவரியை வைப்பதற்காகச் சாய்கோடுகளைக் காற்புள்ளிகளாக மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

'பேக்' என்ற இந்த வகை முகவரியை எப்படிப் பிரித்து வாசிப்பது என்பது டொட்நெட்டின் பொதுவான முகவரி வாசிப்பானுக்குப் பிறவியிலேயே தெரியாது. டபிள்யூபிஎஃபின் அப்ளிகேஷன் வகுப்பு முதன்முறை தொடப்படும்போது அதன் நிலைக் கட்டமைப்பி (ஸ்டேட்டிக் கன்ஸ்ட்ரக்டர்) ஓடி, அந்த வகையைப் பதிவு செய்கிறது. செயலி ஓடும்போது இது தானாக நடந்துவிடும். சோதனையில் அப்ளிகேஷன் வகுப்பை யாரும் தொடுவதில்லை. அதனால் வாசிப்பான் இதைச் சாதாரண இணைய முகவரி போல நினைத்து, முக்காற்புள்ளிக்குப் பின் வருவது போர்ட் எண் என்று எடுத்துக்கொள்கிறது. அங்கே எண்ணுக்குப் பதிலாகக் காற்புள்ளிகள் இருப்பதைப் பார்த்துத்தான் முறையிடுகிறது.

தீர்வு ஒரே வரிதான். சோதனைகள் தொடங்கும் முன் ஓரிடத்தில் அப்ளிகேஷன் வகுப்பின் 'கரண்ட்' பண்பை வாசியுங்கள். அது வெறுமையைத்தான் திருப்பித் தரும். அது பரவாயில்லை, பதிவு நடந்துவிடும்.

சோதனைக்குள் ஓர் அப்ளிகேஷன் பொருளையே உருவாக்கிவிடலாமா?

உருவாக்கலாம், ஆனால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆப்டொமைனுக்குள், அதாவது ஓடும் செயல்முறைக்குள் பிரித்துவைத்த ஒரு பகுதிக்குள், ஒரே ஓர் அப்ளிகேஷனை மட்டுமே டபிள்யூபிஎஃப் அனுமதிக்கிறது. முதலாவதை மூடிய பிறகும் இரண்டாவதை உருவாக்க விடாது. பழைய டொட்நெட் ஃபிரேம்வேர்க்கில் சோதனைக்குச் சோதனை புதிய ஆப்டொமைன் திறந்து இதைச் சமாளித்தார்கள்; 2019இல் டபிள்யூபிஎஃப் புதிய டொட்நெட் கோருக்கு வந்தபோது அந்த வழி அடைபட்டது, ஏனெனில் அங்கே ஒரு செயல்முறைக்கு ஓர் ஆப்டொமைன் மட்டுமே. ஆகவே ஒரு சோதனை அப்ளிகேஷனின் வளங்களில் எதையாவது சேர்த்தால், அடுத்த சோதனைக்கும் அது அப்படியே மிஞ்சியிருக்கும். தனியாக ஓட்டினால் தேறும் சோதனை, கூட்டமாக ஓட்டினால் விழும்.

என்னுடைய பழக்கம் இது: திரை உறுப்புகளை அடுக்கும் கட்டமான கிரிட் ஒன்றை வெறுமையாக உருவாக்கி, அதன் வளங்களில் லைப்ரரியின் அகராதியைச் சேர்த்து, சோதிக்க வேண்டிய பட்டனையோ பெட்டியையோ அதற்குள் வைப்பேன். டபிள்யூபிஎஃப் ஒரு வளத்தைத் தேடும்போது அந்த உறுப்பில் தொடங்கிப் பெற்றோர் வழியே மேலே ஏறி, அதன் பிறகே அப்ளிகேஷனையும் விண்டோஸ் தீமையும் பார்க்கும். ஆகவே கிரிட்டில் கிடைத்துவிட்டால் அப்ளிகேஷன் தேவையில்லை. சோதனை முடிந்ததும் கிரிட்டும் போய்விடும், எதுவும் மிஞ்சாது.

தவிர்க்கவே முடியாமல் அப்ளிகேஷன் தேவைப்பட்டால், முழு ஓட்டத்துக்கும் ஒன்றை மட்டும் ஆரம்பத்தில் உருவாக்கி, மூடும் முறையை 'வெளிப்படையாகச் சொன்னால் மட்டும்' என்று மாற்றுங்கள். இயல்பு நிலையில் கடைசி ஜன்னல் மூடியவுடன் அப்ளிகேஷனும் முடிந்துவிடும்.

கிரிட்டில் வைத்துச் சோதிப்பதும் உண்மைச் செயலியில் ஓடுவதும் முழுக்க ஒன்றுதானா?

ஓரிடத்தில் ஒன்றல்ல, அந்த இடத்தை அறிந்துவைத்திருப்பது அவசியம். கீ கொடுக்காமல், 'இந்த வகைக்கெல்லாம்' என்று எழுதும் பாணிகள் உண்டு. கன்ட்ரோல் வகுப்பிலிருந்து வராத, எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்பிளொக் போன்றவற்றுக்கு இப்படி எழுதினால், அந்தப் பாணியைத் தேடும் பயணம் வார்ப்பின் எல்லையில் நின்றுவிடும்; அதற்கு வெளியே அப்ளிகேஷனின் வளங்கள் மட்டுமே பார்க்கப்படும். ஆகவே செயலியில் ஒரு பட்டனின் வார்ப்புக்குள் இருக்கும் டெக்ஸ்ட்பிளொக்கையும் அந்தப் பாணி பிடித்துக்கொள்ளும். சோதனையில், கிரிட்டின் வளங்களில் இருந்து, பிடிக்காது. ஒரே கோப்பு, இரண்டு விளைவு.

டெக்ஸ்ட்பிளொக்குக்குக் கீ இல்லாத பாணி எழுதாதீர்கள் என்பதே என் அறிவுரை. எழுத்துருவையும் அளவையும் ஜன்னலில் ஒருமுறை வைத்தால் அவை பிள்ளைகளுக்கு மரபுரிமையாக இறங்கும். சிறப்புத் தோற்றம் வேண்டிய இடத்தில் கீயைச் சொல்லி அழையுங்கள்.

'அழைக்கும் த்ரெட் எஸ்டிஏ ஆக இருக்க வேண்டும்' என்ற பிழைக்கு என்ன செய்வது?

த்ரெட் என்பது நிரல் ஓடும் ஓர் இழை; எஸ்டிஏ என்பது அதன் ஒரு வகை. டபிள்யூபிஎஃபின் திரை உறுப்புகள் எஸ்டிஏ வகை த்ரெட்டில் மட்டுமே உருவாகும். சோதனை ஓட்டிகள் பெரும்பாலும் அப்படி ஓட்டுவதில்லை. சோதனை எழுத உதவும் பொதிகளில் ஒன்றான என்யுனிட்டில் அப்பார்ட்மென்ட் என்ற பண்புக்குறியைச் சோதனைக்கு மேலே போட்டால் போதும். எக்ஸ்யுனிட்டுக்கு ஸ்டாஃபேக்ட் என்ற தனிப் பொதி இருக்கிறது. எம்எஸ்டெஸ்டின் புதிய பதிப்புகளில் அதற்கென்றே பண்புக்குறி உண்டு.

அகராதியை ஒருமுறை மட்டும் ஏற்றி, எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவாக ஒரு நிலை (ஸ்டேட்டிக்) மாறியில் வைத்தேன். இரண்டாவது சோதனையில் 'வேறொரு த்ரெட்டுக்குச் சொந்தமான பொருள்' என்று பிழை வருகிறது. ஏன்?

முதல் சோதனை ஓடிய த்ரெட்டில் பிறந்த பிரஷ், அதாவது நிறம் தீட்டும் பொருள், அந்த த்ரெட்டுக்கே சொந்தம். இரண்டாவது சோதனை இன்னொரு த்ரெட்டில் ஓடும்போது அதைத் தொட முடியாது. பிரஷ் போன்ற பொருள்களை 'ஃப்ரீஸ்' செய்துவிட்டால், அதாவது இனி மாறாதபடி உறையச் செய்துவிட்டால், எந்த த்ரெட்டும் வாசிக்கலாம். ஸாமலிலேயே அதற்கான பண்பு உண்டு. இருந்தாலும் சோதனைக்குச் சோதனை அகராதியைப் புதிதாக ஏற்றுவதையே நான் விரும்புகிறேன். அதனால் கூடும் நேரம் மிகக் குறைவு.

ஒரு பாணிக் கோப்பைத் தனியாக ஏற்றினால் 'வளத்தைக் காணவில்லை' என்கிறது. செயலியில் அதே கோப்பு வேலை செய்கிறதே?

பட்டன் கோப்பு 'ஸ்டேட்டிக் ரிசோர்ஸ்' வழியாக நிறக் கோப்பில் உள்ள ஒரு கீயைக் கேட்கிறது. செயலியில் நிறக் கோப்பு அப்ளிகேஷனின் வளங்களில் முதலில் இணைக்கப்பட்டதால் அது கிடைக்கிறது. சோதனையில் நீங்கள் பட்டன் கோப்பை மட்டும் ஏற்றினால் நிறத்தைத் தேட இடமில்லை.

பட்டன் கோப்புக்குள்ளேயே நிறக் கோப்பை இணைப்பது ஒரு வழி. ஆனால் பத்துக் கோப்புகள் அப்படிச் செய்தால் நிறக் கோப்பின் பத்துப் பிரதிகள் நினைவகத்தில் நிற்கும். அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அப்ளிகேஷன் இல்லாத சோதனையில், பக்கத்தில் இணைத்த இன்னொரு கோப்புக்குள் 'ஸ்டேட்டிக் ரிசோர்ஸ்' தேடாது. அதோடு, லைப்ரரியில் எல்லாவற்றையும் சரியான வரிசையில் இணைக்கும் ஒரு வாசற் கோப்பை வைத்து, செயலியும் சோதனையும் அந்த வாசல் வழியாக மட்டுமே உள்ளே வரட்டும். வரிசை முக்கியம்: இணைக்கப்பட்ட அகராதிகளில் ஒரே கீ இரண்டு முறை இருந்தால் கடைசியாக இணைத்தது வெல்லும், வாசற் கோப்பிலேயே நேரடியாக எழுதிய கீ அவை எல்லாவற்றையும் வெல்லும். வாசல் ஒன்றாக இருந்தால் இந்த வரிசையும் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

பகிர்ந்துகொண்ட பிறகு எந்தச் சோதனைகளை முதலில் எழுத வேண்டும்?

முதலாவது, எல்லாக் கீகளையும் தொட்டுப் பார்க்கும் சோதனை. டபிள்யூபிஎஃப் அகராதியை ஏற்றும்போதே உள்ளிருக்கும் எல்லாப் பொருள்களையும் உருவாக்குவதில்லை. யாராவது கேட்கும்போதுதான் உருவாக்குகிறது. ஆகவே மாதம் ஒருமுறை திறக்கும் சம்பளத் திரையின் பாணியில் உள்ள பிழை, சம்பள நாளன்று தான் வெளியே வரும். ஒவ்வொரு கீக்கும் உரிய மதிப்பை வாசித்துப் பார்க்கும் பத்து வரிச் சோதனை அதை அன்றே பிடித்துவிடும். கவனம்: அகராதியின் கீகள் பட்டியலில் இணைக்கப்பட்ட அகராதிகளின் கீகள் வராது, அவற்றுக்குள்ளும் ஒவ்வொன்றாக இறங்கிப் போக வேண்டும். 'டைனமிக் ரிசோர்ஸ்' ஆக அழைத்த கீ இல்லாவிட்டால் பிழையே வராமல் தோற்றம் மட்டும் மாறும் என்பதால், திரைகள் அப்படி அழைக்கும் கீகளின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவை இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, நிற வேறுபாட்டுச் சோதனை. இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு விகிதத்தையும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்ற விகிதத்தையும் கேட்கிறது. டெஸ்க்டொப் செயலிக்கும் அதே கணக்கைப் பயன்படுத்தலாம். சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளை நேரியலாக்கி, முறையே 0.2126, 0.7152, 0.0722 ஆல் பெருக்கிக் கூட்டினால் ஒளிர்வு கிடைக்கும். இரண்டு ஒளிர்வுகளோடும் தனித்தனியே 0.05ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். என் கழிவு எண்ணைக் கெடுத்த மஞ்சளின் கூறுகள் 255, 193, 7. வெள்ளையின் மேல் அதன் விகிதம் 1.6 மட்டுமே. அதே மஞ்சளைப் பின்னணியாக்கி எழுத்தைக் கறுப்பாக்கினால் விகிதம் 12.9க்கு ஏறுகிறது. இன்று எங்கள் மடுவத் திரையில் கழிவு எண் அப்படித்தான் இருக்கிறது. லைப்ரரியிலிருந்து இரண்டு பிரஷ்களை எடுத்து இந்தக் கணக்கைப் போடும் சோதனை அன்று இருந்திருந்தால், அந்த அம்மா கேட்க வேண்டி வந்திருக்காது.

மூன்றாவது, அகலச் சோதனை. நம் செயலிகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஓடுகின்றன. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் 'சேவ்' என்று முடிவது தமிழில் 'சேமிக்கவும்' என்று நீளும். பட்டனைக் கிரிட்டுக்குள் வைத்து, எல்லையற்ற அளவைக் கொடுத்து 'மெஷர்' செய்தால், அது விரும்பும் அகலம் அங்குலத்தில் 96இல் ஒரு பங்கு என்ற அலகில் கிடைக்கும். ஒதுக்கிய இடத்தை விட அது பெரிதானால் சோதனை விழட்டும். இதற்கு ஜன்னலைத் திறக்க வேண்டியதில்லை.

அகலச் சோதனை என் மடிக்கணினியில் தேறுகிறது, தோட்ட அலுவலகக் கணினியில் எழுத்து வெட்டுப்படுகிறதே?

எழுத்துரு மாறியிருக்கும். தமிழ் காட்டும் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு விண்டோஸ் 8இலிருந்து வருகிறது. அதற்கு முந்தைய விண்டோஸ் ஓடும் கணினிகளில் தமிழுக்கு லதா தான் இருக்கும். கேட்ட எழுத்துரு இல்லாவிட்டால் டபிள்யூபிஎஃப் முறையிடாது. வேறொன்றை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். ஆகவே உரிமம் அனுமதிக்கும் தமிழ் எழுத்துரு ஒன்றை லைப்ரரிக்குள்ளேயே 'ரிசோர்ஸ்' வகையில் வையுங்கள். முகவரியில் ஹேஷ் குறிக்குப் பின் எழுத வேண்டியது எழுத்துருக் குடும்பத்தின் பெயர், கோப்பின் பெயரல்ல. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

அது உண்மையில் ஏறியதா என்பதையும் சோதிக்கலாம். எழுத்துருவிலிருந்து கிளிஃப் டைப்ஃபேஸை, அதாவது எழுத்து வடிவங்களைக் கொண்ட பொருளை, கேட்டு, அது லைப்ரரிக்குள் இருக்கும் கோப்பிலிருந்துதான் வந்ததா என்றும், அதன் எழுத்து வரைபடத்தில் 2965 என்ற எண், அதாவது யுனிகோடில் 'க', இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தச் சோதனைகளை லினக்ஸ் சேவையகத்தில் ஓட்டலாமா?

முடியாது. டபிள்யூபிஎஃபின் மூலக் குறியீடு 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் அது விண்டோஸில் மட்டுமே ஓடும். நிறக் கணக்கு போன்றவற்றைச் சாதாரண எண்களோடு வேலை செய்யும் தனி வகுப்பாக எழுதினால், அந்தக் கணக்கை மட்டும் எங்கும் சோதிக்கலாம்.

ஏற்கெனவே கொப்பிகளோடு வளர்ந்துவிட்ட பழைய புரொஜெக்டை எப்படி மாற்றுவது?

ஒரே இரவில் செய்ய வேண்டாம். முதலில் நிறக் கோப்பை மட்டும் லைப்ரரிக்கு நகர்த்துங்கள். மற்றக் கோப்புகள் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கும். செயலியில் இருந்த பிரதியையும் சோதனையில் இருந்த பிரதியையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் ஒவ்வொரு வரியும், இதுவரை உங்கள் சோதனை பார்க்காமல் விட்ட ஒரு மாற்றம். செயலியில் இருப்பதையே எடுத்துக்கொண்டு, சோதனையின் பிரதியை அழித்துவிடுங்கள். அழித்தவுடன் சில சோதனைகள் சிவப்பாகும். அவற்றைப் பார்த்துப் பதறி எதிர்பார்ப்பு மதிப்பை உடனே மாற்றிவிடாமல், ஒவ்வொன்றையும் திரையில் திறந்து, தராசுக்கு முன்னால் நிற்பவர் கண்ணால் ஒருமுறை பாருங்கள். என் புரொஜெக்டில் அப்படிச் சிவப்பானவை ஏழு. அவற்றில் இரண்டு உண்மையான பிழைகள். அதன் பிறகு எழுத்துருக் கோப்பு, பிறகு பட்டன்கள் என்ற வரிசையில் நகர்த்தினேன். வார்ப்புகளைக் கடைசிக்கு விட்டேன், ஏனெனில் அவை மற்ற எல்லாவற்றையும் அழைப்பவை.